பாஸ்டரம்மாவின் கைகள்

பிப்ரவரி 6

அன்புள்ள வாயாடிக்கு,

கர்த்தர் கிருபையில் இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் குனிந்து பிரேமுக்குத் திருகாணி முடுக்கினால் கழுத்து எப்படித் தாங்கும்? வெந்நீர் ஒத்தடம் கொடு. சோம்பல்படாதே.

போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் சபை கொடுத்த இந்த வீட்டில் முன்னறை என்பது பொது அறை. பாஸ்டர் என்று இவரைப் பார்க்க வந்த யாராவது ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். நான் போனை எடுத்ததும் வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார், காது மட்டும் என் பக்கம் இருக்கும். அதனால்தான் காகிதம்.

இங்கே ஒரு சண்டை தொடங்கியிருக்கிறது. எங்கள் ஆராதனைக்கு இத்தனை வருஷமும் ஆர்கன் ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியும். இப்போது வாலிபர்கள் கீபோர்டு, கிடார், டிரம்ஸ் எல்லாம் கொண்டுவந்து பீடத்துக்கு இடது பக்கம் வைத்துவிட்டார்கள். முதலில் அவர்களுடைய பாட்டு, பிறகு ஆர்கனோடு பழைய ஞானப்பாட்டு என்று இவர் ஓர் ஏற்பாடு செய்தார். இரண்டு கட்சியும் தலையாட்டின. முதல் ஞாயிறே கடைசி ஞானப்பாட்டில் டிரம்ஸும் நுழைந்துவிட்டது. ஆர்கன் மாஸ்டர் பின்னால் இழுக்க, டிரம்ஸ் முன்னால் தள்ள, சபை நடுவில் மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு நேரத்தில் ஆமென் சொல்லி உட்கார்ந்தது.

என் கஷ்டம் அதுவல்ல. நான் உட்காரும் முதல் பெஞ்சு எல்லார் கண்ணிலும் படும். ஆர்கன் மேலே மாஸ்டர் மாட்டிவைத்திருக்கும் சின்னக் கண்ணாடியில்கூட அந்தப் பெஞ்சுதான் தெரியும். போன வாரம் வாலிபர் பாட்டு நன்றாக இருந்தது, என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். வாசலில் பொருளாளர் மனைவி, "பாஸ்டரம்மாவே கை தட்டுறாங்க, இனி நாங்க என்ன சொல்றதுக்கு இருக்கு" என்றார். இந்த வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கிடார் வாசிக்கிறவன் நேரே வந்து, "ஆன்ட்டி, எங்க பாட்டு பிடிக்கலையா? நீங்க கையைக் கட்டிக்கிட்டு இருந்ததைப் பார்த்து எனக்குச் சுருதியே போச்சு" என்கிறான்.

இவரிடம் சொன்னால், "உன் கை, உன் இஷ்டம்" என்கிறார். என் கை என்னுடையதாக இருந்தால் நான் ஏன் உனக்கு எழுதப்போகிறேன்?

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா

—

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். கழுத்தும் கழுத்து இருக்கும் இடத்தில் இருக்கிறது. அத்தானுக்கு இருமல் நின்றதா? சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அதை ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறான்.

உன் கடிதத்தைப் படித்து இவரும் நானும் சிரித்தோம். கோபப்படாதே. எங்கள் சபைக்கு வந்து பார். ஆர்கன் என்றால் என்ன என்று கேட்பார்கள். ஸ்பீக்கர் என் நாற்காலிக்குப் பக்கத்தில். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் பசிக்கிறது என்று சொல்வது எனக்கு வாயசைவாகத்தான் தெரிகிறது. இவர் வாரம் முழுக்கப் பஸ் ஓட்டுகிறவர். "எஞ்சின் சத்தம் இல்லாம ஒரு நாள் இருக்கலாம்னு பார்த்தா கடவுளும் எஞ்சின் வெச்சிருக்கார்" என்கிறார்.

உனக்கு வழி சொல்கிறேன். கையில் எதையாவது பிடித்துக்கொள். பாட்டுப் புத்தகம், குடை, பை, எதுவாவது. கையில் சாமானோடு இருக்கிறவளிடம் ஏன் தட்டினாய் என்றும் கேட்க முடியாது, ஏன் தட்டவில்லை என்றும் கேட்க முடியாது. இந்த யோசனைக்கு எனக்கு நீ தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம்.

வாயாடி

—

மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

எல்லாரும் சுகம்தானே? இவருக்கு இருமல் நின்றுவிட்டது. தூக்கம்தான் குறைந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே சாப்பிட்டு எழுந்துபோகிறார்.

உன் யோசனை பலித்துவிட்டது. நான் பிடித்துக்கொண்டது புத்தகத்தை அல்ல, ஒரு குழந்தையை.

கீபோர்டு வாசிக்கிற பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டிரம்ஸ் அடிப்பவன் அவள் புருஷன், எலக்ட்ரீஷியன். இரண்டு பேரும் மேடையில் நின்றுவிட்டால் அவர்களுடைய கைக்குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. கூடையில் போட்டு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். போன மாதக் கடைசியில் ஒரு நாள் அது வீறிட்டு அழுதது. அவள் ஒரு கையால் கீபோர்டு, ஒரு கையால் கூடை. நான் எழுந்துபோய், "இங்க குடும்மா" என்றேன். அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவள் உள்ளே வந்ததும் என்னிடம்தான் நேராக வருகிறாள்.

ஆஸ்பத்திரியில் சுற்றுகிற மாதிரி அவனைத் துண்டில் இறுக்கிச் சுற்றித் தருவாள். தலை மட்டும் வெளியே. நான் பொட்டலம் என்று கூப்பிடுகிறேன். அவனுக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது. என் கைகள் இரண்டும் நிறைந்துவிட்டன. பொருளாளர் மனைவியும் பேசவில்லை, கிடார்காரனும் பேசவில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் வந்து அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறார்கள். உனக்குத் தனியாக நன்றி.

சண்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது. டிரம்ஸைத் தூணுக்குப் பின்னால் தள்ளி, மேலே கம்பளி போர்த்தச் சொல்லிக் கமிட்டியில் முடிவு. சத்தம் குறையவில்லை. காய்ச்சல்காரன் போர்வைக்குள்ளிருந்து முனகுவது போல இருக்கிறது.

பொட்டலத்துக்கு வலது காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மச்சம்.

உன் அக்கா

—

ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா? இவருக்கு ரூட் மாறியிருக்கிறது, விடியும் முன்னே கிளம்புகிறார். கடையில் கூட்டம்.

பொட்டலம் செய்தி படித்துச் சந்தோஷம். சிரிக்கத்தான் எழுதினேன், நீ காரியமாகவே செய்துவிட்டாய். ஆனால் ஒன்று சொல்லட்டுமா? சபைச் சண்டைக்கு நாலு வரி, மச்சத்துக்குத் தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறாய். நான் மூக்கை நுழைக்கிறேன் என்று நினைக்காதே. அந்தப் பையன் வளர்வான், அவனுக்கு அம்மா இருக்கிறாள். பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்கிறேன்.

இங்கே போன ஞாயிறு எனக்குத் திடீரென்று நம் பழைய ஞானப்பாட்டு ஒன்று கேட்க வேண்டும் போல் இருந்தது. நீ கீழ்க்குரலும் நான் மேல்குரலுமாகப் பாடுவோமே, மூன்றாம் சரணத்தில் நான் மூச்சு வாங்கும்போது நீ என்னைத் தாங்கிக்கொள்வாயே, அந்தப் பாட்டு. இங்கே அது யாருக்கும் தெரியவில்லை. உனக்கு அங்கே அது கிடைக்கிறது, நீ டிரம்ஸை ரசிக்கிறாய். எனக்கு டிரம்ஸ் கிடைக்கிறது, நான் அதைத் தேடுகிறேன். நம் இரண்டு பேரையும் இடம் மாற்றிப் போட்டிருக்கலாம்.

வாயாடி

—

மே 28

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் ஸ்தோத்திரம். பதில் எழுத நாளாகிவிட்டது. இங்கே வீடு நிறைய ஆட்கள். ஒரு கட்சி போனதும் மறு கட்சி வந்து அதே நாற்காலியில் உட்காருகிறது. டீ போட்டுப் போட்டு எனக்கு இரண்டு கட்சியின் வாதமும் மனப்பாடம்.

இப்போது அரைகுறை ஏற்பாடு எதுவும் வேண்டாம், ஒன்று ஆர்கன், இல்லாவிட்டால் வாலிபர்களின் பாண்டு என்று கமிட்டி முடிவு செய்யப்போகிறது. ஆட்கள் சரிபாதி. அப்படியென்றால் கடைசி ஓட்டு தலைவருடையது. தலைவர் என் வீட்டுக்காரர். அவர் வாசலில் செருப்பைப் போடவே இடதா வலதா என்று யோசிக்கிற மனுஷன்.

நேற்று ஆர்கன் மாஸ்டர் வந்திருந்தார். நாற்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர், தெரியுமில்லையா. இவர் வெளியே போயிருந்தார். டம்ளரைக் கீழே வைக்கும்போது அவர் விரல்கள் மடங்காமல் நின்றன. அவரே சொன்னார். "பாட்டு வேகமா போச்சுன்னா என் விரல் ஓடாது, பாஸ்டரம்மா. அதைச் சொல்ல வெக்கமா இருக்கு. அதனாலதான் பக்தி போச்சு, பக்தி போச்சுன்னு சொல்லிக்கிட்டு திரியறேன். நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." நான் சொல்லவில்லை. உனக்கு எழுதுவது கணக்கில்லை.

இன்று காலையில் மார்க்கெட்டில் நர்ஸைப் பார்த்தேன். "ஆன்ட்டி, ஐயாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பாண்டு வேணாம்னு ஆயிட்டா நாங்க எல்லாரும் வெளிய போயிடணும்னு பேசி வெச்சிருக்காங்க. எனக்குப் போக மனசில்ல. இவனும் உங்ககிட்ட பழகிட்டான்" என்றாள். நான் சரி என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை.

பொட்டலத்துக்குப் பல் முளைக்கிறது. என் தோள் பட்டனைக் கடித்தே தேய்த்துவிட்டான். அவனைப் பற்றி ஒரு வேடிக்கை. அப்பா டிரம்ஸ் அடிக்கும்போதுதான் தூங்குகிறான். டிரம்ஸ் நின்றதும் கண்ணைத் திறந்துவிடுகிறான். அதனால் ஆர்கன் தொடங்கியதும் நான் அவன் முதுகில் அதே தாளத்தை மெதுவாகத் தட்டிக்கொண்டிருப்பேன். வாயில் ஞானப்பாட்டு, கையில் டிரம்ஸ். திரும்பத் தூங்கிவிடுவான். சபையில் இரண்டையும் சேர்த்து வைத்தது நான் ஒருத்திதான், அது யாருக்கும் தெரியாது.

உன் அக்கா

—

ஜூன் 9

அக்கா,

நலம், நலம் அறிய ஆவல், மற்றதெல்லாம் பிறகு.

நீ அத்தானிடம் பேசு. அவர் ஊருக்கெல்லாம் யோசித்தாலும் நீ சொன்னால் கேட்பார். கல்யாணத்துக்கு முன் நம் வீட்டுக்கு வந்தபோது நீ சட்டை நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்காக அதே சட்டையில் மூன்று தடவை வந்தவர் அவர். அந்தப் பெண் கேட்டுவிட்டாள், நீயும் பேசு. பாண்டுக்காகப் பேசு, பிள்ளைக்காகப் பேசு, எதற்காக என்று யாரும் உன்னைக் கேட்கப்போவதில்லை.

பேசிவிட்டு உடனே எழுது.

வாயாடி

—

ஆகஸ்ட் 2

அன்புள்ள தங்கைக்கு,

கர்த்தர் கிருபையில் சுகம். நீங்கள் சுகமா? பெரியவளுக்குப் பரீட்சை முடிந்ததா? இங்கே வெயில் குறைந்திருக்கிறது. தலையணை உறைகளைப் புதிதாகத் தைத்தேன். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, சரிசெய்துவிட்டார்கள்.

கமிட்டி போன மாதம் கூடியது. ஆர்கன் என்று முடிவாகிவிட்டது. கடைசி ஓட்டு இவருடையதுதான். "சின்னவங்களுக்கு எங்க போனாலும் ஒரு இடம் கிடைச்சிடும். வயசானவங்க எங்க போவாங்க?" என்று கூட்டத்தில் சொன்னாராம். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

வாலிபர் குடும்பங்கள் எல்லாம் போய்விட்டன. ஆலயத்துக்கு நேர் எதிர்ச் சாரியில் டயர் கடைக்கு மேலே ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து, அங்கே ஆராதனை நடத்துகிறார்கள். நேரமும் எங்கள் நேரம்தான். இங்கே பெஞ்சுகளில் இடம் தாராளமாக இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். கழுத்துக்கு ஒத்தடம் கொடுக்க மறக்காதே.

உன் அக்கா

—

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இல்லை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தலையணை உறை இருக்கிறது, குழாய் இருக்கிறது. பொட்டலம் இல்லை. பிப்ரவரிக்குப் பிறகு அவன் இல்லாமல் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. கடையில் இதை யோசித்துக்கொண்டே இருந்ததில் ஒருவருடைய வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிவிட்டேன். நல்ல வேளை, அவர் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

நான் கேட்டதற்கும் நீ பதில் சொல்லவில்லை. அத்தானிடம் பேசினாயா, இல்லையா?

வாயாடி

—

செப்டம்பர் 20

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல்.

இல்லை, பேசவில்லை.

நான் பேச வேண்டிய அவசியமே வரவில்லை, அவரே கேட்டார். கமிட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம். நான் அவருடைய வெள்ளை அங்கியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வந்து நின்று, "நீ என்ன நினைக்கிற?" என்றார். இத்தனை வருஷத்தில் சபை விஷயத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை.

பாண்டு இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதை எதற்காகச் சொல்கிறேன்? பாட்டுக்காகவா? பொட்டலம் என் மடியை விட்டுப் போகக்கூடாது என்பதற்காகவா? எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு சபை முழுக்க ஜெபித்து முடிவு பண்ணுகிற காரியத்தில் என் மடியைக் கொண்டுபோய் வைக்கலாமா? மாஸ்டரின் விரல்களும் கண்முன் வந்து நின்றன. "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதையே செய்யுங்க" என்றேன். அங்கியின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பொட்டலம் ஏன் கடிதத்தில் இல்லை என்று கேட்டாயே, அப்போது அவனைப் பற்றி எழுதக் கை வரவில்லை. போன வாரம் மருந்துக் கடை வாசலில் அவனைப் பார்த்தேன். நர்ஸ் யூனிபார்மில் இருந்தாள், வேலைக்குப் போகிற அவசரம். துண்டெல்லாம் போய்விட்டது, சட்டை போட்டிருக்கிறான், காலில் ஷூ. நான் கையை நீட்டினேன். அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு உதடு பிதுங்கியது. அம்மா கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். "இப்ப புது ஆளுங்களைப் பார்த்தா இப்படித்தான் ஆன்ட்டி" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. நான், "இந்த வயசுல எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த மருந்தை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அக்கா

—

அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாமல் இருப்பேனா?

நாம் இரண்டு பேரும் எல்லாவற்றையும் பேசுகிறவர்கள். ஒன்றை மட்டும் பேசியதில்லை. எனக்குப் பெரியவள் பிறந்தபோது நீ வந்து ஒரு மாதம் இருந்து எனக்கு எல்லாம் செய்தாய். கிளம்புகிற அன்று அவளுடைய சின்னச் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கிவிட்டு, "சரி, வரேன்" என்று போனாய். பஸ் ஸ்டாப் வரை உன்னோடு வந்தேன். உனக்குப் பிள்ளை இல்லையே என்று நினைத்துக்கொண்டே வந்தேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. குடையைப் பிடி, பையைப் பிடி என்று கேலி எழுதியவள் நான்தான்.

நீ பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் தெரியாது. ஆனால் நீ ஆசைப்பட்டது தப்பில்லை. அதை மட்டும் எவ்வளவு சத்தமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சத்தமாக எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

நான் எங்கள் பாண்டுப் பிள்ளைகளிடம் கெஞ்சி, நம் பாட்டை எழுதிக்கொடுத்து, ஒரே ஒரு ஞாயிறு மெதுவாகப் பாடச் சொன்னேன். தங்கமான பிள்ளைகள், சரி என்றார்கள். முதல் சரணம் அப்படியே நம் ஆலயம்தான். இரண்டாவதில் டிரம்ஸ்காரனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மூன்றாவதில் எல்லாரும் குதிக்கிறார்கள். நான் மூச்சு வாங்கும் இடம் வந்தது, தாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நாள் இங்கே வந்து இரு அக்கா. அத்தானைச் சமைத்துச் சாப்பிடச் சொல்.

உன் தங்கை

—

நவம்பர் 17

அன்புள்ள தங்கைக்கு,

நீயும் உன் வீட்டாரும் சுகம் என்று நம்புகிறேன். உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வரச் சொல்லியிருக்கிறாய். இப்போது நான் ஊரில் இல்லாவிட்டால் அதற்கும் ஓர் அர்த்தம் சொல்வார்கள். ஏன் என்று சொல்கிறேன்.

போன ஞாயிறு ஆராதனையில் கடைசி ஞானப்பாட்டு. அன்றைக்குப் புழுக்கம், ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். மாஸ்டர் வாசிக்கிறார், வயசானவர்கள்தான் அதிகம் என்பதால் இப்போது உட்கார்ந்தபடிதான் பாடுகிறோம். இருக்கிறவர்களே கொஞ்சம் பேர், பாட்டு பெஞ்சுக்குப் பெஞ்சு தனியாகக் கேட்கிறது. எதிர்ச் சாரியிலிருந்து டிரம்ஸ் வந்துகொண்டிருந்தது. அது வாரா வாரம் வருவதுதான். நான் காதில் வாங்குவதில்லை, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் சரணத்தில் ஆர்கன் நின்றுவிட்டது. பாடிக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மாஸ்டருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். அவர் தன் சின்னக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் அவர் கண் என் மேல் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள், முகத்தை அல்ல. நான் குனிந்து பார்த்தேன். என் இடது கை மார்போடு மடங்கியிருந்தது. வலது கை மடியில் தட்டிக்கொண்டிருந்தது. ஆலயத்தில் வேறு சத்தமே இல்லை, எதிர்ச் சாரி டிரம்ஸும் அதற்குத் தப்பாமல் என் கையும் மட்டும்தான். பார்த்த பிறகும் உடனே நிற்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று தட்டு தட்டிவிட்டுத்தான் நின்றது.

இந்த வருஷம் முழுக்க எதற்குப் பயந்து எதையெதையோ செய்தேனோ அதைக் கடைசியில் சபை முழுக்கப் பார்க்கச் செய்துவிட்டேன்.

பொருளாளர் மனைவி வாசலில் என்னைத் தாண்டிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். அதுவே பெரிய பேச்சு. சாயங்காலம் மாஸ்டர் வந்தார். சண்டை போட வந்திருந்தால் தாங்கியிருப்பேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "என் வேகம் உங்களுக்கும் போதலையா, பாஸ்டரம்மா? நீங்க ஒருத்தராவது என்கூட இருக்கீங்கன்னு நினைச்சிருந்தேன்" என்றார். அவரிடம் என்ன சொல்வேன், சொல். இல்லை மாஸ்டர், அது தாளம் இல்லை, ஒரு பிள்ளை தூங்க வேண்டும் என்று என் கை நினைத்துக்கொண்டது என்று சொல்ல முடியுமா? டீ கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

அவர் போன பிறகு இவர் சமையலறைக்கு வந்தார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

"கமிட்டியில கேக்கறாங்க. அவங்க டிரம்ஸுக்கு நீ கை தட்டினதா சொல்றாங்க."

"கை தட்டலைங்க."

"தெரியும்."

திரும்பிப் பார்த்தேன். அவர் அடுப்பு மேடையில் இருந்த ஒரு கரண்டியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் இப்ப பிடிச்சுக்காம நடக்கிறானாம். டயர் கடைக்காரர் சொன்னார்" என்றார்.

இத்தனை மாதமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பீடத்திலிருந்து பார்த்தாலும் முதல் பெஞ்சுதானே தெரியும், நான் ஏன் அதை யோசிக்கவில்லை? அவர் சொன்னார்: "அதுக்காகத்தான் அன்னைக்கு உன்கிட்ட கேட்டேன். நீ சொல்லுவேன்னு நினைச்சேன்."

"சொல்லியிருந்தா?"

அந்த மனுஷனுக்குப் பொய் வராது. "தெரியல" என்றார். கரண்டியை இருந்த இடத்திலேயே வைத்தார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு பேரும் அந்தச் சின்னச் சமையலறையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றோம்.

பிறகு அவர் முன்னறைக்குப் போகத் திரும்பினார். கதவருகில் நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அடுத்த வாரத்துலேர்ந்து பாட்டுப் புத்தகத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோம்மா."

இன்று அப்படித்தான் செய்தேன். நீ முதலில் சொன்ன யோசனையே அதுதானே. பெரிய எழுத்துப் புத்தகமாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன், அதுதான் கனம். ஜன்னல்களை மூடச் சொல்லிவிட்டார்கள். அப்படியும் கொஞ்சம் கேட்டது. மாஸ்டர் ஒரு சரணம்கூட விடாமல் வாசித்தார். நான் கடைசி வரைக்கும் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல். சின்னவனுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா, எழுது.

உன் அக்கா